அந்தரத்தில் நின்ற செவலை

மதுரைக்குத் தெற்கே, நான்குவழிச் சாலையிலிருந்து இறங்கி, தண்ணீரைக் கண்டு பல வருடமான ஒரு கண்மாயின் கரையோரமாகவே போனால் ஒரு காலனி வரும். அந்தக் காலனிக்கு ஒரு கேட் உண்டு, கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன் உண்டு, வாட்ச்மேனுக்கு ஒரு விசில் உண்டு, விசிலுக்கு மட்டும்தான் வேலை கிடையாது, ஏனென்றால் சொர்ணபுரி கார்டனில் யாரும் எந்த விதியையும் மீறுவதில்லை. துணி எந்த நேரத்தில் மாடியில் காயலாம் என்பதற்கு விதி இருந்தது, செருப்பை எந்தப் பக்கம் பார்த்துக் கழற்றிப்போட வேண்டும் என்பதற்கு விதி இருந்தது, கருவாட்டுக் குழம்பு வாசம் தெருவுக்கு வரலாமா என்பதற்கும் ஒரு விதி இருந்தது. அது எழுதப்படாதது, ஆனால் எழுதிவைத்ததையெல்லாம்விடக் கண்டிப்பானது.

மனிதர்கள் எல்லோரும் ஒழுங்குக்கு வந்துவிட்டபின் மிச்சமிருந்தவை நாய்கள்தான். குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் சதாசிவம், கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியர், வீட்டில் நடத்த ஆள் கிடைக்காமல் காலனியை நடத்திக்கொண்டிருந்தவர். அவர்தான் நாய்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து, கோச் தனபாலைக் கூட்டிவந்தார். இந்தத் தனபால் ஒரு காலத்தில் ஒரே ஒரு அல்சேஷனை வளர்த்து, அது அவர் சொன்னதையெல்லாம் கேட்டுத் தொலைத்ததால், உலகத்து நாய்கள் எல்லாமே தான் சொன்னால் கேட்கும் என்ற முடிவுக்கு வந்துவிட்டவர்.

"நாய்னா நாய்தான் சார். இதுல என்ன சாதி, என்ன கொணம்? எல்லாத்துக்கும் நாலு காலு, ஒரு வாலு. நம்ம முறை இட்லித் தட்டு மாதிரி. எந்த மாவ ஊத்துனாலும் இட்லியாத்தான் வெளிய வரும்" என்றார் அவர், முதல் நாள் கூட்டத்தில். கேப்பைக் களியை ஊற்றினால் என்ன வரும் என்று யாரும் கேட்கவில்லை, கை தட்டினார்கள்.

அப்படியாகத்தானே பூங்காவில் பயிற்சி தொடங்கியது. பேராசிரியரின் லாப்ரடார் புருனோ, பிஸ்கட் டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டால் சொர்க்கவாசல் திறந்த மாதிரி ஓடிவருகிற பிராணி, ஒரே வாரத்தில் உட்காரவும் படுக்கவும் கற்றுக்கொண்டு கோச்சின் புகழைப் பரப்பியது. சிமெண்ட் ஏஜென்சிக்காரரின் ராஜபாளையம், பரம்பரையாகவே அந்நிய ஆளைக் கண்டால் ஆகாத வெள்ளைக்காரன், அதை அந்நியர்களோடு கைகுலுக்கச் சொல்லிப் பழக்கினார்கள்; அது பல்லைக் கடித்துக்கொண்டு குலுக்கியது, பிறகு ஒருநாள் பல்லைக் கடிக்க முடியாமல் கையைக் கடித்தது. பல் டாக்டரின் சப்பைமூக்கு பக் நாய், நின்ற இடத்திலேயே மூச்சு வாங்குகிற ஜீவன், அதைப் பூங்காவைச் சுற்றி ஓடவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விசில், ஒரே அதட்டல், கழுத்தைச் சுண்டி இழுக்க ஒரே சங்கிலி.

பூங்கோதையின் செவலையிடம்தான் இட்லித் தட்டு வேகவில்லை. பூங்கோதை பெரியாஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், ஐம்பதை நெருங்குகிற வயது, தைராய்டால் கனத்த உடம்பு, கல்யாணம் ஒன்று நடந்து முடிந்துபோய் நாயோடு தனியாக இருப்பவள். செவலை சாத்தூர்ப் பக்கத்திலிருந்து குட்டியாக வந்த சிப்பிப்பாறை. முயல் விரட்டவென்றே வயிறு ஒட்டி, கால் நீண்டு, மூஞ்சி கூராகிப் பிறந்த இனம். அதட்டினால் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கும். பிஸ்கட்டை நீட்டினால் மோந்து பார்த்துவிட்டு, இதற்காகவா கூப்பிட்டாய் என்று நகர்ந்துவிடும். தூரத்தில் ஒரு ஓணான் ஓடினால்கூட அதன் உடம்பெல்லாம் கண்ணாகிவிடும். உலகத்தில் அது மனசு வைத்துக் கேட்கிற குரல் ஒன்றே ஒன்றுதான், அது பூங்கோதையின் குரல், அதுவும் அந்தக் குரல் தழுதழுத்தால் எதையும் செய்யும்.

இதையெல்லாம் கோச்சிடம் பூங்கோதை சொல்லிப் பார்த்தாள். "மேடம், நீங்க ஊசி போடும்போது நான் வந்து இடது கையில போடு, வலது கையில போடுன்னு சொல்றேனா?" என்று கேட்டு அவர் அவளை அனுப்பிவைத்தார். தேர்வு வைத்தார்கள், செவலை தோற்றது. மறுபடி வைத்தார்கள், மறுபடியும் தோற்றது. இன்னொரு தடவை தோற்றால் அடங்காத நாய் என்று அறிவித்துக் காலனியைவிட்டு வெளியேற்றுவது என்று சங்கம் முடிவெடுத்தது.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. 'ஸ்டே' என்று சொல்லி நிறுத்திய நாயைத் திரும்ப விடுவிப்பதற்கு ஒரு சொல் வேண்டும், எந்தப் பயிற்சியிலும் நிறுத்துகிற சொல்லுக்கு ஜோடியாக விடுகிற சொல் உண்டு, அதை என்னவென்று வைப்பது என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. 'போ' என்று வைக்கலாம் என்றார் கோச். சிமெண்ட் ஏஜென்சிக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "வீட்டு வாசல்ல நின்னு, வளத்த ஜீவனப் பாத்து 'போ'ன்னு யாராச்சும் சொல்லுவாங்களாய்யா? நாம ஆஸ்பத்திரிக்குப் போறவங்களயே 'போயிட்டு வாங்க'ன்னுதானே சொல்றோம்?" என்றார். அது நியாயமாகப் பட்டது. 'போயிட்டு வா' என்றால் நாய் போகுமா, வருமா என்று பல் டாக்டர் கேட்டார். 'கோ' என்று வைத்தால் தமிழுக்குத் துரோகம் என்றார் ஒருவர். 'ஸ்டே' சொல்லும்போது தமிழ் எங்கே போயிருந்தது என்றார் இன்னொருவர். நாற்காலிகள் நகர்ந்தன, டீ ஆறியது. முதலில் நிற்கக் கற்றுக்கொள்ளட்டும், போவதைப் பிறகு பார்க்கலாம் என்று பேராசிரியர் விஷயத்தை ஒத்திவைத்தார்.

தேர்வு நாள் காலையில் பூங்கோதை செவலையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்த ஆளு சொல்றதக் கேளு தாயி. உன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள். குரல் தழுதழுத்தது. செவலை அவள் கன்னத்தை நக்கிவிட்டு எழுந்தது.

பூங்கா வாசலுக்கு எதிரே நடுச்சாலையில் நாய்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கோச் விசிலை வாயில் வைக்கப் போன நேரம் செம்பருத்திச் செடிக்குள்ளிருந்து ஒரு கீரி புறப்பட்டுச் சாலையைக் குறுக்கே வெட்டியது, செவலை பறந்தது, முன்னங்கால் இரண்டும் முன்னால் நீண்டு, பின்னங்கால் இரண்டும் பின்னால் நீண்டு, வால் விறைத்து, ஆள் தலை உயரத்துக்கு எழும்பியது, கோச் பதறிப்போய் "ஸ்டே!" என்று கத்தினார், செவலை நின்றது. எழும்பிய உயரத்திலேயே, நீட்டிய கால் நீட்டியபடி, அந்தரத்தில் நின்றது. கீரி தப்பிப் போய்விட்டது.

கோச் முதலில் இரண்டடி பின்னால் போனார். ஆனால் கூட்டம் கைதட்டத் தொடங்கியதும் அவருக்குத் தெம்பு வந்து, மீசையைத் தடவிக்கொண்டு, "இதுதான் சார் பெர்ஃபெக்ட் ஸ்டே" என்றார். செவலை முதல் மதிப்பெண்ணில் தேறியதாக அங்கேயே அறிவித்தார்கள்.

கீழே விழாமல் எப்படி நிற்கிறது என்று ஒரு சின்னப் பெண் கேட்டதற்குப் பேராசிரியர் கனைத்துக்கொண்டு, புவியீர்ப்பும் ஒரு விதி, கோச்சின் உத்தரவும் ஒரு விதி, இரண்டு விதிகள் மோதிக்கொண்டால் பக்கத்திலிருந்து வருகிற விதிக்குத்தான் வலு அதிகம் என்று விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். இயற்பியலைப் பற்றி அந்தக் காலனியில் அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து கார்கள் செவலையைச் சுற்றி வளைந்து போயின. பால்காரரும் பேப்பர்காரரும் குனிந்து போனார்கள். குனிந்து போவது கொஞ்ச நாளில் பழக்கமாகி, பழக்கம் மரியாதையாகி, செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிகிறவர்களும் உண்டானார்கள். பைரவரின் வாகனமல்லவா என்று ஒரு மாமி வடைமாலை சாத்தினாள். மகனுக்கு விசா கிடைக்க வேண்டுமென்று இன்னொருத்தி முன்னங்காலில் மஞ்சள் கயிறு கட்டினாள். விசா கிடைத்துவிட்டது, அதன்பிறகு காலில் கயிறு கட்ட இடமில்லாமல் போயிற்று. மழைக்கு மேலே தார்ப்பாய் கட்டினார்கள். கார்த்திகைக்குச் சீரியல் பல்பு போட்டார்கள். பிள்ளைகளை இழுத்துவந்து, "பாரு, ஒரு வார்த்தைக்கு எப்பிடிக் கட்டுப்பட்டு நிக்குதுன்னு பாரு. ஒரு நாய்க்கு இருக்கிற அடக்கம் ஒனக்கு இருக்கா?" என்று காட்டினார்கள், மாமியார்கள் மருமகள்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை, கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள், அவ்வளவுதான். மில் முதலாளி ஒருவர் தொழிலாளிகளைப் பஸ் வைத்து அழைத்துவந்து காட்டினார். கட்சிக்காரர் ஒருவர் தொண்டர்களை வேனில் ஏற்றிவந்து காட்ட, தொண்டர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, இதில் என்ன அதிசயம், நாங்கள் வருடக் கணக்கில் இப்படித்தானே நிற்கிறோம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

காலனியில் மனை விலை ஏறியது. ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் நாயும் அந்தரத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசை வந்தது. பல் டாக்டர் தன் பக்கை மாடிப்படியிலிருந்து தூக்கிப்போட்டு "ஸ்டே" என்று கத்தினார். அது டாக்டரின் மனைவி மேல் விழுந்தது. புருனோவைத் தூக்கிப்போட நான்கு பேர் தேவைப்பட்டார்கள், அதற்குள் அது தூங்கிவிட்டது. ராஜபாளையத்தைத் தூக்கிப்போட யாரும் முன்வரவில்லை.

பூங்கோதைக்கு மட்டும் இது எதுவும் பெருமையாக இல்லை. டியூட்டி முடிந்து வந்ததும் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, எண்ணெய்ப் பிசுக்கையும் குங்குமத்தையும் ஈரத்துணியால் துடைப்பாள். சிரிஞ்சில் குளுக்கோஸ் தண்ணீரை எடுத்து வாயோரம் விடுவாள், அது வழிந்து கீழே சொட்டும். "எறங்கு தாயி, நான் சொல்றேன், எறங்கிரு" என்பாள். அந்த ஆள் சொல்வதைக் கேள் என்று அவளே சொல்லியாயிற்று, இனி அவள் சொல்லும் செல்லவில்லை; செவலையின் கண் அசையாது. பிறகு வழக்கம்போல விலாவில் கையை வைத்து நாடி பார்ப்பாள். அவள் கைக்குத் தெரியும், துடிப்பு நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டே வந்தது. என் பேச்சைக் கேட்டதால்தான் இது சாகப்போகிறது என்று நினைத்து, ஸ்டூலில் நின்றபடியே அழுவாள். கும்பிட வந்தவர்கள், பக்தியில் அழுகிறாள் என்று அவளையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள்.

அவள் கேட்டுக்கொண்டதற்காகச் சங்கம் ஒருநாள் கூடி, விடுவிக்கிற சொல்லைத் தேடிப் பார்த்தது. 'போ' என்றார்கள், 'கோ' என்றார்கள், 'போயிட்டு வா' என்றார்கள், 'சரி', 'போதும்', 'ஓகே', 'எழுந்தருள்க' வரைக்கும் போனார்கள். கோச் வறுத்த கோழிக்காலை மூக்குக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார், அதைப் பின்னாலிருந்து புருனோ வாங்கிக்கொண்டது. கற்றுக்கொடுக்காத சொல்லை அது எப்படிக் கேட்கும்? தெய்வ சித்தம் என்று கலைந்தார்கள். போகிறபோது இன்னொரு விதியையும் போட்டுவிட்டுப் போனார்கள்: அப்படிப்பட்ட ஒரு பிராணி நிற்கிற சாலையில் யாரும் ஓடக் கூடாது, விளையாடக் கூடாது, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். காலை ஓட்டக்காரர்கள் நடக்கத் தொடங்கினார்கள், பிள்ளைகளின் கிரிக்கெட் நின்றது, அணில்கள்கூடப் பையப் போவதாகப் பேசிக்கொண்டார்கள்.

ஆடி பிறந்தது. ஒருநாள் பூங்கோதை விலாவில் கை வைத்திருந்தபோது காற்று ஒரு பாலிதீன் பையை எங்கிருந்தோ கிளப்பி, தார்ச்சாலையில் விரட்டிக்கொண்டு போனது. அவள் உள்ளங்கைக்கு அடியில் துடிப்பு எகிறியது. செவலையின் கருவிழி பையோடு நகர்ந்தது. பின்னங்காலின் ஒரு விரல் விரிந்து மடங்கியது. பை வேலியில் மாட்டிக்கொண்டு நின்றதும் எல்லாம் பழையபடி அடங்கிவிட்டது.

பூங்கோதை ஸ்டூலிலிருந்து இறங்கி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றினேனே, இது கூப்பிட்டால் வருகிற சாதியா, ஓடினால் துரத்துகிற சாதியல்லவா, தெரிந்திருந்தும் நானும் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்து மந்திரம் தேடிக்கொண்டிருந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நேரே பேராசிரியர் வீட்டுக்குப் போனாள். கோச்சும் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அது முன்னாடி எதாவது ஓடணும் சார். ஓடுனா எறங்கிரும். ஒரு நாள் பிள்ளைகள விளையாட விடுங்க, போதும்" என்றாள்.

"ஓட்டத்த நிறுத்துறதுக்குத்தானே மேடம் நான் வந்ததே?" என்றார் கோச்.

பேராசிரியர் டம்ளரைக் கீழே வைத்தார். "பாரும்மா. அது இப்ப உன் நாய் மட்டும் கெடையாது. காலனியோட அடையாளம். ஆவணிலே கோச்சுக்குப் பாராட்டு விழா வச்சிருக்கோம். பீடம் கட்ட டைல்ஸ்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு."

"அதுவரைக்கும் அது தாங்காது சார். நாடி விழுந்துக்கிட்டே இருக்கு."

"நாடி நின்னுட்டாலும் நாய் அங்கதானே இருக்கப்போகுது?" என்றார் பேராசிரியர், அன்பாகவே.

பூங்கோதை அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. அன்றைக்கே ஓடிப் பார்க்கலாம் என்று சாலைக்கு வந்தாள். அதற்குள் கேட்டுக்குப் போன் போய்விட்டது, வாட்ச்மேன் கைகட்டிக்கொண்டு நின்றான். "மன்னிச்சுக்கங்கக்கா, ஒங்கள விசேஷமாக் கவனிக்கச் சொல்லிருக்காக" என்றான். மறுநாளும் நின்றான். செவலையைச் சுற்றிக் கயிறு கட்டி, அவளைக்கூடச் சங்கத்தைக் கேட்டுத்தான் உள்ளே விட்டார்கள். அவசரமென்று விழாவையும் ஆடிக்கே இழுத்துவந்தார்கள். நாய் உயிரோடு இருக்கும்போதே நடத்திவிடலாம் என்பதுதான் அவசரம்.

விழாவன்று காலையில் சாலை முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலி முழுக்க ஜனம். நடுவில் ஒரு பாதை விட்டு, அதில் சிவப்புக் கம்பளம் விரித்து, கம்பளத்தின் ஒரு கோடியில் மேடையும் மறு கோடியில் கேட்டும் இருக்க, மேடைக்கு முன்னால் மாலை போட்டு நின்றது செவலை. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று நம் முன்னோர்கள் சொல்லிவைத்த பழமொழியைப் பொய்யாக்கியவர் கோச் தனபால், நிமிர்ந்த வால் இதோ கண்ணெதிரே நிற்கிறது, எனவே அவருக்கு 'வால்நிமிர்த்திய செம்மல்' என்ற பட்டத்தை வழங்குகிறோம் என்று பேராசிரியர் ஒலிபெருக்கியில் முழங்கினார். நாயை வளர்த்தவர் என்ற முறையில் பொன்னாடை போர்த்த பூங்கோதையைக் கூப்பிட்டார்கள்.

பூங்கோதை பொன்னாடையைக் கையில் வாங்கினாள். கோச் குனிந்து கழுத்தைக் காட்டினார். அவள் அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகி, செருப்பை உதறிவிட்டு, செவலையின் கண்ணுக்கு நேர்முன்னே வந்து நின்று, திரும்பி, ஓடினாள்.

அவள் ஓடி முப்பது வருடம் இருக்கும். மூட்டு இரண்டும் கத்தின, மூச்சு விசிலடித்தது, கையிலிருந்த பொன்னாடை ஒரு பக்கம் அவிழ்ந்து ஜரிகையோடு அவளுக்குப் பின்னால் தரையைக் கூட்டிக்கொண்டே போயிற்று. யாரோ சிரித்தார்கள், யாரோ "விதி! விதி!" என்று கத்தினார்கள், வாட்ச்மேன் அந்தக் காலனிக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக விசிலை ஊதினான், ஊதிக்கொண்டே எதற்கோ கேட்டையும் திறந்துவிட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவோம் என்று பயந்தாள். நாற்காலிகள் சரிகிற சத்தம் மட்டும் கேட்டது. "ஸ்டே! ஸ்டே!" என்று கோச் ஒலிபெருக்கியில் அலறுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் இடுப்பை உரசிக்கொண்டு செவலையாக ஒன்று கடந்து போயிற்று, மாலை ஒரு பக்கம், கயிறுகள் ஒரு பக்கம்.

கேட்டைத் தாண்டிக் கண்மாய்க்குள் இறங்கி ஓடியது செவலை. காய்ந்த மண்ணில் புழுதி கிளப்பி, கண்மாயை ஒரு வட்டம் போட்டு, போதாமல் இன்னொரு வட்டம் போட்டு, இத்தனை மாதம் ஓடாத ஓட்டத்தையெல்லாம் ஓடி, நாக்கு தரையைத் தொடுகிற மாதிரி தொங்க, யாரும் கூப்பிடாமலேயே வந்து பூங்கோதையின் காலடியில் விழுந்தது. அவள் கரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். பொன்னாடையால் அதன் உடம்பைத் துடைத்தாள். விலாவில் கை வைத்தாள். கை வைக்கவே தேவையில்லாமல் துடிப்பு கண்ணுக்கே தெரிந்தது.

காலனியில் விழா நிற்கவில்லை. பட்டம் கொடுத்தார்கள், நாட்டுப்பண் பாடினார்கள், புளியோதரை போட்டார்கள். பீடத்துக்கும் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்பதால் அதையும் கட்டினார்கள். கார்கள் அந்த இடத்தைச் சுற்றி வளைந்தே போயின, பால்காரர் குனிந்தே போனார், வடைமாலையை மட்டும் காற்றில் மாட்ட முடியாமல் பீடத்தில் வைத்தார்கள். முன்புபோல மழைக்குத் தார்ப்பாயும் துடைக்க ஈரத்துணியும் தேவைப்படாததால், நாய் முன்னைக்கு இப்போது இன்னும் அடக்கமாகிவிட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. கோச்சிடம் சேர வெளியூரிலிருந்தெல்லாம் நாய்கள் வந்தன.

ஒரு வாரம் கழித்துப் பூங்கோதை காலையில் செவலையைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க்குக் கிளம்பினாள். நடுச்சாலையில் நேராக நடந்து வந்தாள். எதிரே பேராசிரியர், பக்கத்தில் கோச்.

"ஏம்மா, குனி, குனி! நாய் இடிச்சுரும்!" என்று பேராசிரியர் பதறினார்.

பூங்கோதை நின்று, தலைக்கு மேலே பார்த்தாள், பிறகு கீழே செவலையைப் பார்த்தாள்.

"இது ஏதும்மா? புது நாயா? சங்கத்துல சொல்லவே இல்லையே" என்றார் பேராசிரியர். கோச் செவலையை மேலும் கீழும் பார்த்து, "சிப்பிப்பாறை. துறுதுறுன்னு இருக்கு. அங்க நிக்கிற நம்ம நாய் மாதிரி வரணும்னா நாளையிலேருந்தே கிளாஸுக்கு அனுப்புங்க மேடம்" என்றார்.

"வேணாங்க. அந்த நாய நீங்களே வச்சுக்கங்க. ரொம்ப நல்ல நாய், சாப்பாடுகூட கேக்காது" என்றாள் பூங்கோதை. "இது எனக்குப் போதும்."

நிமிர்ந்தபடியே அந்த இடத்தைக் கடந்து போனாள். அவள் தலை நாயின் வயிற்றில் மோதியிருக்குமே என்று கோச் ஓடிவந்து, காற்றைத் தடவிப் பார்த்து, அடி ஒன்றும் படவில்லை என்று பேராசிரியரிடம் சொன்னார்.